மின்சாரப் பிக்கப்புக்கு வீட்டில் எந்தச் சார்ஜிங்: மூன்று முள் பிளக்கா, 7 கிலோவாட்டா, த்ரீ ஃபேஸா?

மின்சாரப் பிக்கப் வாங்கிவிடலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டவர்கள்கூட வீட்டுச் சார்ஜிங் என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். செந்தூல், செகாம்புட், பட்டர்வொர்த், பிறை என எங்கிருந்து வந்தாலும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: "விளம்பரத்தில் 11 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. விற்பனையாளர் 7 கிலோவாட் சார்ஜர் போதும் என்கிறார். ஒயர்மேன் த்ரீ ஃபேஸுக்கு, அதாவது மூன்று மின்கம்பிகளில் கரண்ட் வரும் இணைப்புக்கு, மாறச் சொல்கிறார். சொந்தக்காரர் ஒருவர் சாதா பிளக்கிலேயே போட்டு ஓட்டுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோது, பிக்கப்பை நம்பித் தொழில் செய்பவர்கள் பலர் மாற்று வழி தேடத் தொடங்கினார்கள். ஏர்கான் வேலை, கேட்டரிங், கெனோபி வாடகை, சின்னச் சின்னக் கட்டுமான வேலை என்று தினமும் வண்டி ஓடினால்தான் இவர்களுக்கு வருமானம். வீட்டில் சரியாகச் சார்ஜ் ஏறாவிட்டால் மறுநாள் வேலை போகும். அதனால் இந்த முடிவை நிதானமாக எடுக்க வேண்டும். சில ஆயிரம் ரிங்கிட்டை வீணாக்கவும் கூடாது, கஞ்சத்தனம் பார்த்து வீட்டு ஒயரைக் கருக்கவும் கூடாது.

## முதலில் ஆன்போர்டு சார்ஜர்

சுவரில் மாட்டும் பெட்டியைத்தான் எல்லாரும் சார்ஜர் என்கிறோம். உண்மையில் சார்ஜ் செய்யும் கருவி வண்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வருவது ஏசி (மாறுதிசை) மின்சாரம், பேட்டரி ஏற்பது டிசி (நேர்த்திசை). ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது ஆன்போர்டு சார்ஜரின் வேலை. சுவர்ப் பெட்டி செய்வது இரண்டு காரியம்: இந்த லைனில் இத்தனை ஆம்ப் வரை எடுக்கலாம் என்று வண்டிக்குத் தெரிவிக்கும், மின்கசிவு போன்ற கோளாறு வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடும். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் உள்ள டிசி நிலையங்கள் மட்டும் ஆன்போர்டு சார்ஜர் வழியாகப் போகாமல் நேரடியாகப் பேட்டரிக்கு ஏற்றுகின்றன.

ஆகவே வீட்டில் கிடைக்கும் வேகத்துக்கு மூன்று எல்லைகள் உண்டு: வீட்டு மின்இணைப்பு, சுவர்ப் பெட்டி, ஆன்போர்டு சார்ஜர். மூன்றில் எது குறைவோ, அதுதான் உங்கள் வேகம். 22 கிலோவாட் பெட்டியை மாட்டிவிட்டு 11 கிலோவாட் ஆன்போர்டு சார்ஜர் உள்ள வண்டியைச் செருகினால் 11தான் ஏறும். மிச்சத்துக்குக் கொடுத்த பணம் சுவரில் தொங்கும்.

நம் சந்தைக்குப் பொருந்தும் வலப்பக்க ஸ்டியரிங் பிக்கப்களை எடுத்துக்கொள்ளுங்கள். இசுசு டி-மேக்ஸ் இவி: 66.9 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி, டபிள்யுஎல்டிபி என்ற தூரச் சோதனை முறையில் ஒரு முழுச் சார்ஜுக்கு 263 கிலோமீட்டர். மேக்சஸ் டி90 இவி: 88.55 யூனிட், 330 கிலோமீட்டர். மேக்சஸ் இ-டெரான் 9: சுமார் 102 யூனிட், 430 கிலோமீட்டர். அளவிலும் விலையிலும் வேறுபட்ட இந்த மூன்றிலும் ஏசி சார்ஜிங் அதிகபட்சம் 11 கிலோவாட்தான். எந்தப் பிக்கப்பில் வேகமாக ஏறும் என்று இவற்றுக்கிடையே தேடிப் பயனில்லை. உங்கள் வீட்டில் அந்த 11இல் எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

11 கிலோவாட் என்பது 230 வோல்ட்டில் 16 ஆம்ப், மூன்று ஃபேஸ். அதாவது ஃபேஸ் ஒன்றுக்குச் சுமார் 3.7 கிலோவாட். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் செருகும்போது ஆன்போர்டு சார்ஜர் இரண்டு விதத்தில் ஒன்றாக நடந்துகொள்ளும். ஒரு வகை, தனக்குள் இருக்கும் பகுதிகளை ஒரே ஃபேஸில் சேர்த்து 32 ஆம்ப் வரை எடுக்கும், 7.4 கிலோவாட் கிடைக்கும். இன்னொரு வகையால் ஒரு ஃபேஸில் 16 ஆம்புக்கு மேல் எடுக்க முடியாது, 3.7 கிலோவாட்டோடு நின்றுவிடும். விளம்பரத் தாளில் இரண்டுக்கும் "11 கிலோவாட் ஏசி" என்றுதான் இருக்கும். முன்பணம் கட்டும் முன் விற்பனையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சிங்கிள் ஃபேஸில் இந்த வண்டி அதிகபட்சம் எத்தனை ஆம்ப் எடுக்கும்?" வாய்மொழியாகச் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். கீழே வரும் எல்லாக் கணக்கும் அந்தப் பதிலைப் பொறுத்தே மாறும்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பேட்டரியோடு முதலில் வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கும் செவ்ரலே சில்வராடோ இவியும் வீட்டிலேயே 19.2 கிலோவாட் எடுப்பதைக் காட்டுவார்கள். அங்கே வீடுகளுக்குக் கிடைப்பது 240 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். அதனால் வேகம் வேண்டுமென்றால் ஆம்பைக் கூட்டுகிறார்கள்: அந்த 19.2 கிலோவாட்டுக்கு 80 ஆம்ப். ரிவியன் ஆர்1டி, டெஸ்லா சைபர்டிரக் போன்றவை 48 ஆம்பில் 11.5 கிலோவாட்டோடு நிற்கின்றன. நம் நாட்டில் வேகம் வேண்டுமென்றால் ஃபேஸைக் கூட்டுகிறோம். நம் சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு மொத்தமாக வருவதே 80 ஆம்ப் இல்லை. அந்த வீடியோக்களில் வரும் எண்களை இங்கே கொண்டுவந்து ஒப்பிட வேண்டாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

தினமும் எத்தனை கிலோமீட்டர், இரவில் எத்தனை மணி நேரம். மேலே சொன்ன பேட்டரி அளவையும் தூரத்தையும் வகுத்துப் பார்த்தால் இவ்வகைப் பிக்கப்கள் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 24 முதல் 27 யூனிட் எடுக்கும். சுமை ஏற்றினால், பாலிக் பூலாவ் மேடு ஏறினால் இன்னும் கூடும். நான் 26 என்று வைத்துக்கொள்கிறேன். நகருக்குள் தினமும் 80 கிலோமீட்டர் ஓடினால் பேட்டரியிலிருந்து சுமார் 21 யூனிட் போகும். அதைத் திரும்ப ஏற்றினால் போதும். ஒவ்வொரு இரவும் பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஏற்றப்போவதில்லை. இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வீட்டு இணைப்பு. மின்சார நிறுவனமான டிஎன்பி சிங்கிள் ஃபேஸ் இணைப்பை 12 கேவிஏ (ஏறக்குறைய 12 கிலோவாட்) வரைதான் தரும், அதாவது சுமார் 52 ஆம்ப். அதற்கு மேல் வேண்டுமென்றால் த்ரீ ஃபேஸ், 45 கேவிஏ வரை. உங்களுடையது எது என்று பார்ப்பது எளிது. மீட்டர் முகப்பில் 230 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் சிங்கிள் ஃபேஸ். 400 என்றும் போட்டிருந்தால் த்ரீ ஃபேஸ். அண்மைக் காலத்தில் கட்டிய பெரிய டெரஸ் வீடுகளில் த்ரீ ஃபேஸ் ஏற்கெனவே இருக்கலாம். செலவு செய்வதற்கு முன் போய்ப் பாருங்கள்.

கரண்ட் பில். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், மாதம் 1500 யூனிட்டுக்குள் உள்ள வீட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு ஆற்றல் 27.03 சென், கொள்ளளவு 4.55 சென், வலையமைப்பு 12.85 சென். கூட்டினால் 44.43 சென். மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டல் தனி. தினம் 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்று வைத்தால் இழப்பையும் சேர்த்துச் சுமார் 600 யூனிட், அதாவது 267 ரிங்கிட்.

இதில் மறைந்திருக்கும் செலவு வேறு. ஏற்கெனவே 550 யூனிட் எடுக்கும் வீடு இப்போது 1150க்குப் போகிறது. 600ஐத் தாண்டியதும் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேவை வரியும் வந்து சேரும். 1000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சிக்கன ஊக்கத்தொகையும் போய்விடும். வீட்டில் இரண்டு மின்சார வண்டி வந்து 1500ஐத் தாண்டினால் ஆற்றல் கட்டணமே 37.03 சென் ஆகிவிடும். பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஏற்படும் அதிர்ச்சி பெரும்பாலும் இதனால்தான். வண்டி அதிகமாகக் குடிக்கிறது என்று அதைத் திட்ட வேண்டியதில்லை.

நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால் வாரநாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை 28.52 சென், மற்ற நேரமும் சனி ஞாயிறும் 24.43 சென். சாதாரணக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சார்ஜிங்குக்கு யூனிட்டுக்கு 2.6 சென் மிச்சம். 600 யூனிட்டுக்கு மாதம் 15 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். நல்லதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரவு 10 முதல் மறுநாள் பிற்பகல் 2 வரை 16 மணி நேரம் சலுகை நேரமாக இருக்கும்போது, சலுகைக்குள் முடிக்க வேகமான சார்ஜர் வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

சுவரும் கார் நிறுத்துமிடமும் யாருடையவை. வாடகை வீடா, கொண்டோவா, சொந்த டெரஸா என்பதில் பல விஷயங்கள் தானாகவே முடிவாகிவிடும்.

நெருக்கடி வாரம். சராசரி நாளுக்குப் போதுவது தைப்பூச வாரத்துக்குப் போதாமல் போகலாம். கேட்டரிங், பந்தல் தொழிலில் உள்ளவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

சுவரிலிருந்து பேட்டரிக்குப் போகும்போது 10 விழுக்காடு இழப்பு, மூன்று முள் பிளக்கில் மட்டும் 15 விழுக்காடு என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

| வழி | வேகம் | 80 கி.மீ. ஓட்டத்தைத் திரும்ப ஏற்ற | டி-மேக்ஸ் இவி, 20இலிருந்து 80% | டி90 இவி, 20இலிருந்து 80% |
|---|---|---|---|---|
| மூன்று முள் பிளக், 10 ஆம்ப் | 2.3 கிலோவாட் | சுமார் 10½ மணி | சுமார் 20½ மணி | சுமார் 27 மணி |
| சிங்கிள் ஃபேஸ், 16 ஆம்ப் | 3.7 கிலோவாட் | 6 மணிக்குச் சற்று மேல் | சுமார் 12 மணி | சுமார் 16 மணி |
| சிங்கிள் ஃபேஸ், 32 ஆம்ப் | 7.4 கிலோவாட் | சுமார் 3 மணி | சுமார் 6 மணி | சுமார் 8 மணி |
| த்ரீ ஃபேஸ், 16 ஆம்ப் | 11 கிலோவாட் | சுமார் 2 மணி | சுமார் 4 மணி | சுமார் 5½ மணி |

அட்டவணையில் 80 கி.மீ. என்ற மூன்றாவது நெடுவரிசையைக் கீழ்நோக்கிப் படியுங்கள். இரவு 9 மணிக்கு வீடு வந்து காலை 6 மணிக்குக் கிளம்புபவருக்கு 3.7 கிலோவாட்டே போதுமானது. 7.4க்கும் 11க்கும் இடையே உள்ள ஒரு மணி நேரத்தை அவர் தூக்கத்தில்தான் கழிப்பார்.

## மூன்று முள் பிளக்

வண்டியோடு வரும் கையடக்க சார்ஜரை வீட்டில் உள்ள 13 ஆம்ப் சாக்கெட்டில் செருகுவது. கூடுதல் செலவில்லை என்பதுதான் இதன் ஈர்ப்பு.

செலவு இருக்கிறது, அது தாமதமாக வரும். நம் மூன்று முள் சாக்கெட் கேத்தல், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைக் கொஞ்ச நேரம் தாங்குவதில் கெட்டி. தினமும் பத்து மணி நேரம் இடைவிடாமல் 10 ஆம்ப் ஓடுவது வேறு கதை. தொடர்பு தளர்ந்த பழைய சாக்கெட் சூடாகி, நிறம் மாறி, உருகத் தொடங்கும். முப்பது நாற்பது வருடப் பழைய வீடுகளில் வாசலில் இருக்கும் சாக்கெட், வரவேற்பறை சாக்கெட்டுகளோடு ஒரே லைனில் ஓடிக்கொண்டிருக்கும். டிவியும் மின்விசிறியும் ஓடும் அதே ஒயரில் வண்டியும் இரவெல்லாம் ஏறும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயர் வழியாகச் சார்ஜ் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சுருளுக்குள் சூடு தங்கித் தீப்பிடிக்கும் அபாயம் உண்மையானது.

வேகம் குறையும்போது வீணாவதும் கூடும். சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் வண்டியின் கணினிகளும் குளிரூட்டும் பம்பும் விழித்திருக்கும். அவை எடுக்கும் மின்சாரம் 11 கிலோவாட்டில் ஒரு துளி. 2.3 கிலோவாட்டில் அது கவனிக்க வேண்டிய பங்கு. 8 ஆம்புக்குக் குறைத்து வைத்தால் இன்னும் மோசம்.

இருந்தாலும் இதை ஒதுக்கித் தள்ளமாட்டேன். தினம் 50 கிலோமீட்டருக்குள் ஓடுபவர், அடுத்த வருடம் வீடு மாறப்போகிறவர், சுவர்ப் பெட்டிக்காகக் காத்திருப்பவர் ஆகியோருக்கு இது சரியான இடைக்கால வழி. ஒரு நிபந்தனையோடு: டிபி பெட்டியிலிருந்து (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) தனி லைன், தனி எம்சிபி (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), மின்கசிவுப் பாதுகாப்பு, புதிய தரமான சாக்கெட். முதல் வாரம் சார்ஜ் ஓடும்போது பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை எடுக்கத் தோன்றும் சூடு என்றால் அன்றே நிறுத்திவிட்டு ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

## சிங்கிள் ஃபேஸ் சுவர்ப் பெட்டி

சொந்த டெரஸ் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்போடு இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 32 ஆம்பில் ஓட விடக்கூடாது.

சிக்கல் வீட்டின் மொத்தச் சுமையில் இருக்கிறது. இரவு எட்டு மணியைக் கற்பனை செய்யுங்கள். வண்டி 32 ஆம்ப் எடுக்கிறது. மாடியில் ஒருவர் குளிக்கிறார்; சுடுநீர்க் கருவி 3.6 கிலோவாட், சுமார் 16 ஆம்ப். இரண்டு அறைகளில் ஏர்கான், சேர்த்து 8 முதல் 10 ஆம்ப். அடுப்படியில் மின்கேத்தல், 9 ஆம்ப். கூட்டினால் 65ஐத் தாண்டுகிறது. 63 ஆம்ப் மெயின் சுவிட்ச் உள்ள வீட்டில் எல்லாம் அணைந்துபோகலாம். உடனே அணையாவிட்டால் அது இன்னும் கவலைக்குரியது. மெயின் ஒயர் தன் வரம்புக்கு மேல் இரவு இரவாகச் சூடாகிக்கொண்டிருக்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, சுமையைக் கவனித்துத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பெட்டி. மெயின் ஒயரில் ஒரு சென்சார் மாட்டுவார்கள். சுடுநீர்க் கருவி ஓடும் பத்து நிமிடம் வண்டி 10 ஆம்புக்கு இறங்கும், பிறகு மீண்டும் ஏறும். பெட்டி வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சில மாடல்களில் சென்சாரைத் தனியாக வாங்க வேண்டும். இன்னொன்று, செலவில்லாத வழி: பெட்டியை 16 அல்லது 20 ஆம்புக்கு அமைத்து, இரவு 11 மணிக்கு மேல் தொடங்கும்படி நேரம் வைப்பது. அட்டவணையைப் பார்த்தீர்கள் என்றால் பெரும்பாலான நாட்களுக்கு அதுவே போதும் என்பது தெரியும்.

உங்கள் வண்டி ஒரு ஃபேஸில் 16 ஆம்புக்கு மேல் எடுக்காத வகை என்று விற்பனையாளர் சொன்னால் 32 ஆம்ப் பெட்டியால் இப்போது பலன் இல்லை. அப்படியும் ஒயரை மட்டும் 32 ஆம்புக்கு ஏற்ற கனத்தில் போட்டு வைப்பது நல்லது. அடுத்த வண்டி அதை எடுத்துக்கொள்ளலாம். சுவரை இரண்டு முறை உடைப்பதைவிட இது மலிவு.

மறைந்திருக்கும் செலவுகள்: டிபி பெட்டி வீட்டின் பின்பக்கம் இருந்தால் கார் நிற்கும் இடம் வரை ஒயர் நீளம். 6 மில்லிஆம்ப் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு பெட்டிக்குள் இல்லாவிட்டால் தனியாக வாங்க வேண்டிய டைப் பி ஆர்சிடி என்ற மின்கசிவுத் துண்டிப்பான். மோசமான எர்த் கம்பியை மாற்றுவது. அப்புறம் மின்னல் எழுச்சித் தடுப்பான். இடி மின்னலுக்குப் பேர்போன கிள்ளான் பள்ளத்தாக்கில் இதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பெட்டி போனால் ஆயிரங்களில் போகும், ஆன்போர்டு சார்ஜர் போனால் இன்னும் பெரிய தொகை.

பிக்கப்புக்கே உரிய ஒன்றும் உண்டு. டி90 இவி 5.3 மீட்டருக்கு மேல் நீளம். பழைய டெரஸ் வீட்டு வாசலில் நிறுத்தினால் கேட் மூடுவதே சந்தேகம். சார்ஜ் வாய் வண்டியின் எந்தப் பக்கம் இருக்கிறது, முன்பக்கமாக நுழைப்பீர்களா பின்பக்கமாகவா என்று பார்த்துவிட்டுப் பெட்டி மாட்டும் இடத்தைக் குறியுங்கள். 5 மீட்டர் கேபிளோடு வரும் பெட்டி காருக்குப் போதும். பிக்கப்பைச் சுற்றிக்கொண்டு போக எட்டாமல் போகலாம். 7 மீட்டர் கேபிள் கேட்டு வாங்குங்கள்.

## த்ரீ ஃபேஸ் 11 கிலோவாட்

ஏற்கெனவே த்ரீ ஃபேஸ் உள்ள வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், 11 கிலோவாட் பெட்டியைப் போடுங்கள். ஆன்போர்டு சார்ஜர் முழு வேகத்தில் வேலை செய்யும், ஃபேஸுக்கு 16 ஆம்ப்தான் என்பதால் வீட்டுச் சுமையோடும் மோதாது. சிங்கிள் ஃபேஸில் 3.7 கிலோவாட்டோடு நிற்கும் வண்டிக்கும் இது முழுத் தீர்வு.

சிங்கிள் ஃபேஸிலிருந்து மாறுவது என்றால் கணக்கு வேறு. மின் குத்தகையாளர் வழியாக டிஎன்பிக்கு விண்ணப்பம், மீட்டர் மாற்றம், புதிய மெயின் ஒயர், புதிய டிபி பெட்டி, வீட்டு லைன்களை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுப்பது. சார்ஜரின் விலையைத் தவிர இதற்கே சில ஆயிரம் ரிங்கிட் போகும். டைல்ஸையும் சிமெண்டையும் உடைத்து மறுபடி பூசுவது விலைப்பட்டியலில் பல நேரம் இருக்காது, முன்கூட்டியே கேளுங்கள். பினாங்குத் தீவின் பழைய வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்திருக்கும் இடங்களில், ஒயர் போகும் வழியைக் கண்டுபிடிப்பதே தனி வேலை.

ஒரு பிக்கப்புக்காக மட்டும் இந்த மாற்றத்தைச் செய்வது பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. செலவு நியாயமாகும் சூழ்நிலைகள் உண்டு: வீட்டில் இரண்டு மின்சார வண்டிகள், தினம் 200 கிலோமீட்டர் ஓடிவிட்டு நள்ளிரவில் வந்து விடியலில் கிளம்பும் தொழில், எப்படியும் வீட்டைப் பெரிதாக்கிக் கட்டி ஏர்கான்களைக் கூட்டப்போகும் திட்டம். கடைசியில் சொன்னவர்கள் கட்டட வேலையோடு சேர்த்துச் செய்துவிட்டால் உடைப்புச் செலவு மிச்சம்.

கடைவீட்டில் தொழில் நடத்துபவர்கள் அங்கே த்ரீ ஃபேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டி இரவில் அங்கேயே நிற்க முடியுமா என்பதையும் யோசியுங்கள். கட்டணம் வணிக விகிதத்தில் வரும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## வீட்டில் போடவே முடியாதவர்கள்

கொண்டோவில் கார் நிறுத்துமிடம் உங்கள் பத்திரத்தில் துணைப் பகுதியாக இருந்தாலும், அங்கே வரும் ஒயர் பொதுச்சொத்து வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே கட்டடத்தை நிர்வகிக்கும் ஜேஎம்பி அல்லது எம்சி அமைப்பின் அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது. தீயணைப்புத் துறை வழிகாட்டுதல், மீட்டர் பிரிப்பு, அடித்தள நிறுத்துமிடத்தில் காற்றோட்டம் என்று கேள்விகள் வரும். ஆண்டுக் கூட்டத்தில் தனி ஆளாகக் கேட்பதைவிட, மின்சார வண்டி வைத்திருக்கும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து பொதுச் சார்ஜர் கேட்பது சீக்கிரம் பலிக்கும்.

வெளியே டிசி நிலையங்களையே நம்பினால் பணம் போகும். யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டைத் தாண்டுவது வழக்கம். ஒரு ரிங்கிட் என்று குறைத்தே வைத்தாலும், மேலே சொன்ன அதே ஓட்டத்துக்கு மாதம் 540 ரிங்கிட். வீட்டில் ஏற்றுவதைப் போல் இரண்டு மடங்கு. டி-மேக்ஸ் இவி டிசியில் 50 கிலோவாட், டி90 இவி 80 கிலோவாட் என்பதால் 150 கிலோவாட் நிலையத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் கூடுதல் வேகம் வராது. பேரங்காடி அடித்தளத்தில் இருக்கும் ஏசி சார்ஜர்களை நம்புபவர்கள் உயரத்தைப் பாருங்கள்: ஏணிச் சட்டம் மாட்டிய பிக்கப் பல இடங்களில் நுழைய முடியாது.

வீட்டில் சார்ஜ் ஏற்றும் வசதி உள்ளவர்களுக்கோ டிசி நிலையம் நல்ல துணை. தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலைக்கும் பத்துமலைக்கும் இரவும் பகலும் ஓடும் நாட்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். வருடத்தில் அந்தச் சில நாட்களுக்காக வீட்டில் த்ரீ ஃபேஸ் இழுக்க வேண்டாம்.

## எந்த வீட்டுக்கு எது

செந்தூலில் பழைய ஒற்றை மாடி வீடு, ஏர்கான் பழுதுபார்க்கும் தொழில், தினம் 80 கிலோமீட்டர்: சுமையைக் கவனிக்கும் சிங்கிள் ஃபேஸ் பெட்டி, 16 முதல் 20 ஆம்ப் அமைப்பு, எர்த்தைச் சோதித்த பிறகு.

பட்டர்வொர்த்தில் இருந்து பாலம் தாண்டித் தீவுக்குத் தினமும் பொருள் கொண்டுபோய், மாலையில் அலோர் ஸ்டார் வரை போய் வருபவர்: வண்டி சிங்கிள் ஃபேஸில் 7.4 எடுக்குமா என்பதைப் பார்த்துத்தான் வண்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும். எடுக்கும் என்றால் 32 ஆம்ப் பெட்டி போதும். எடுக்காது என்றால் வேறு வண்டியைப் பாருங்கள், அல்லது த்ரீ ஃபேஸ் செலவை வண்டி விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சுங்கை பூலோ, காஜாங் பக்கம் புதிய தாமானில் த்ரீ ஃபேஸோடு வந்த இரட்டை மாடி வீடு: 11 கிலோவாட். 22 வேண்டாம்.

பாயான் லெப்பாசில் வாடகைக்கு இருந்து, வாரத்துக்கு மூன்று நான்கு நாள் மட்டும் வண்டி எடுப்பவர்: வீட்டுக்காரரின் சம்மதத்தோடு தனி லைனில் மூன்று முள் சாக்கெட். வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போகவும் மனம் வரும் செலவுதான்.

எந்த வழியானாலும் வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற குத்தகையாளரிடம் கொடுங்கள். முடிந்ததும் போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு சான்றுப் படிவங்களையும் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். ஒன்று வேலை முடிந்ததற்கு, மற்றொன்று சோதனை செய்ததற்கு. காப்புறுதி நிறுவனம் பின்னாளில் கேட்கக்கூடிய காகிதங்கள் இவை. சார்ஜர் வாங்கியது, மாட்டியது இரண்டுக்குமான ரசீதையும் உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கான சார்ஜிங் வசதிக்கு 2500 ரிங்கிட் வரை தனிநபர் வருமான வரி விலக்கு 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை இருக்கிறது. தொழில் நிறுவனத்தின் பெயரில் ரசீது போட்டுவிட்டால் அந்த விலக்கைக் கேட்க முடியாது.